வீட்டுக்குள் ஒரு கேன் பெட்ரோல்

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெட்ரோல் கொண்டுபோகத் தடை இருந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடைப் பட்டியலில் அதுவும் ஒன்று. ஆனாலும் மோட்டார் சைக்கிள்கள் ஓடத்தான் செய்தன, மண்ணெண்ணெயில். ஒரே சிக்கல், மண்ணெண்ணெயை மட்டும் நம்பி உதைத்தால் ஆறிக் கிடந்த எஞ்சின் கிளம்பாது. அதற்காகச் சிறு குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் வைத்திருப்பார்கள். அதில் சில சொட்டுகளைக் கார்புரேட்டருக்குள் விட்டு உதைத்தால் வண்டி பிடித்துக்கொள்ளும். எஞ்சின் சூடேறிவிட்டால் பிறகு மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சில சொட்டுகள் ஏன் தேவைப்பட்டன? எஞ்சினுக்குள் எரிவது எரிபொருளின் ஆவி. மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும். பெட்ரோலுக்கு அது வேண்டாம். மார்கழிக் குளிரிலும், ஏன், உறைபனியிலும்கூட அது பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். வண்டியைக் கிளப்பும் அந்தக் குணமே வீட்டைக் கொளுத்தும் குணமும் ஆகிறது. பெட்ரோலை வீட்டில் வைப்பது பற்றிய எல்லா எச்சரிக்கைகளுக்கும் வேர் இது ஒன்றுதான்.

தலைமுறை தலைமுறையாக மண்ணெண்ணெயை வைத்துப் புழங்கியவர்கள் நாம். ரேஷனில் வாங்கி வந்த கேன் அடுக்களை மூலையில் இருக்கும், பக்கத்திலேயே அடுப்பு எரியும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தோடு பெட்ரோலைக் கையாள்வதுதான் ஆபத்தின் தொடக்கம்.

கண்ணுக்குத் தெரியாத பாதி

ஒரு திரவத்தின் மேற்பரப்பில் தீ பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி சேரும் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்று நிலை என்கிறோம். மண்ணெண்ணெய்க்கு அது சுமார் 38 டிகிரி செல்சியஸ். நிழலில் இருக்கும் மண்ணெண்ணெய் பெரும்பாலும் அந்த நிலையைத் தொடுவதில்லை. பெட்ரோலுக்கோ அது பூஜ்யத்துக்கும் கீழே ஏறத்தாழ 40 டிகிரி. மனிதர் வாழும் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் பெட்ரோல் எப்போதும் பற்றத் தயாராகவே இருக்கிறது.

இதற்குக் காரணம் அதன் கலவை. பெட்ரோல் தனியொரு பொருளன்று, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கூட்டு. அதில் பூஜ்யம் டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் பியூட்டேன் இருக்கும், 36 டிகிரியில் கொதிக்கும் பென்டேன் இருக்கும், நூறு டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் கனமான மூலக்கூறுகளும் இருக்கும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனை முதலில் பறக்கும் இலகுவானவற்றுடையது.

இலகுவானவை என்றாலும் காற்றோடு ஒப்பிட்டால் அவை கனமே. பெட்ரோல் ஆவியின் அடர்த்தி காற்றைப்போல மூன்று முதல் நான்கு மடங்கு. அதனால் சமையல் வாசனைபோல அது மேலே எழுந்து ஜன்னல் வழியாகப் போய்விடாது. தண்ணீர் போலப் பள்ளம் பார்த்துப் போகும். கதவிடுக்கில் நுழையும், படி இறங்கும், சாக்கடைக்குள் விழும், தரையோடு தரையாக அடுத்த அறைக்குப் பரவும். அங்கே ஒரு சுடர் இருந்தால் தீ அந்த ஆவித் தடத்தைப் பிடித்துக்கொண்டு கேன் இருக்கும் இடத்துக்கே திரும்பி வரும். “அடுப்பு அந்தப் பக்கம்தானே இருந்தது” என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

எவ்வளவு ஆவி போதும்? காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தால் பற்றும். 7.6 சதவீதத்தைத் தாண்டினால் எரிய ஆக்சிஜன் போதாமல் பற்றாது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் ஆபத்து. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுக்க ஆவியானால் சுமார் 180 லிட்டர் ஆவி. அதைக் காற்றில் 1.4 சதவீதம் ஆகும்வரை கலந்தால் ஏறத்தாழ 13 கன மீட்டர். எட்டடி நீளம், ஏழடி அகலம், எட்டடி உயரமுள்ள ஒரு சமையலறையின் மொத்தக் காற்று அதுவே. 100 மில்லி சிந்தினாலும் போதும். அதே அறையின் தரை முழுவதும், ஒரு சாண் உயரத்துக்கு, பற்றக்கூடிய கலவை நிற்க முடியும்.

யார்க் நகரச் சமையலறை

2012 மார்ச்சில் பிரிட்டனில் டேங்கர் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்யக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. அமைச்சர் பிரான்சிஸ் மோட் மக்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: கொஞ்சம் கூடுதல் எரிபொருளை ஜெர்ரி கேனில் வாங்கிக் கார் கொட்டகையில் வைத்துக்கொள்ளலாமே. தீயணைப்புப் படையினரின் சங்கம் உடனே கண்டித்தது. சில நாட்களுக்குள், மார்ச் 30 அன்று, யார்க் நகரில் ஒரு பெண் தன் சமையலறையில் கேனிலிருந்து ஒரு ஜாடிக்குப் பெட்ரோலை ஊற்றினார். கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உடலில் சுமார் 40 சதவீதம் தீக்காயம். வேலைநிறுத்தம் கடைசிவரை நடக்கவே இல்லை.

அங்கே பெட்ரோல் கேனில் மூடியிருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. ஊற்றும்போது நேர்ந்தது. ஊற்றுகையில் பெட்ரோலின் மேற்பரப்பு பல மடங்கு விரிகிறது. ஜாடிக்குள் விழும் ஒவ்வொரு மில்லி லிட்டரும் அங்கே ஏற்கெனவே நிரம்பியிருந்த ஆவியை வெளியே தள்ளுகிறது. தள்ளப்பட்ட ஆவி மேடையிலிருந்து வழிந்து இறங்குகிறது. பெட்ரோலைச் சேமிப்பது என்றதும் நம் கவனம் எங்கே வைப்பது என்பதில்தான் போகிறது. எத்தனை முறை திறக்கிறோம், எங்கே நின்று ஊற்றுகிறோம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. விடை எளிது: திறந்த வெளியில், பகலில், சுடரும் சூடான எஞ்சினும் எட்டாத தூரத்தில்.

நம் ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு. வண்டி டேங்குக்குள் டியூபை விட்டு, வாயால் உறிஞ்சி, பாட்டிலில் பிடிப்பது. வாய்க்குள் வந்தது வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குள் போவதே மோசம். சில துளிகள் இறங்கினாலும் நுரையீரல் வீங்கிப் புண்ணாகி மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும். தெரியாமல் விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதும் அதனால்தான். வெளியே வரும் வழியில் அது மூச்சுக்குழாய்க்குள் நுழைந்துவிடும். வாயால் உறிஞ்சத் தேவையே இல்லை, கையால் அழுத்தி இயக்கும் சிறு பம்ப் கடைகளில் கிடைக்கிறது.

காலிக் கேனின் சூழ்ச்சி

பாதி நிரம்பிய, இறுக மூடிய கேனுக்குள் என்ன நடக்கிறது? திரவத்துக்கு மேலே உள்ள வெற்றிடத்தில் ஆவி 30, 40 சதவீதம் வரை சேர்ந்துவிடும். 7.6 என்ற எல்லையைவிட இது மிக அதிகம். கேனுக்குள் ஒரு பொறி விழுந்தாலும் எரியக் காற்றுப் போதாது. நிரம்பிய கேன் தன் ஆவியாலேயே தன்னைக் காத்துக்கொள்கிறது.

அடியில் சில கரண்டி மட்டும் மிஞ்சிய கேன் வேறு மாதிரி. பலமுறை திறந்ததில் இலகுவான பகுதிகள் பறந்திருக்கும், வெளிக்காற்று உள்ளே புகுந்திருக்கும், கலவை அந்த 1.4-க்கும் 7.6-க்கும் நடுவே வந்து நிற்கக்கூடும். அந்தக் கேனை எடுத்து எரியும் குப்பைமேல் ஊற்றினால், தீ ஊற்றும் தாரையைப் பிடித்துக்கொண்டு கேனின் வாய்க்குள் போகும். உள்ளே வெடித்து, மிச்சப் பெட்ரோலைத் தீப்பிழம்பாகப் பல அடி தூரத்துக்குப் பீய்ச்சும். ஊற்றுபவருக்கு மட்டுமன்றி, எதிரே நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதில் காயம் நேரும்.

அமெரிக்கா இதற்காகவே 2020-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2023 ஜூலை முதல் அங்கு விற்கும் எரிபொருள் கேன்களின் வாயில் தீத்தடுப்பு அமைப்பு இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அது ஒரு சல்லடை. இந்த உத்தி இருநூறு ஆண்டுப் பழசு. 1815-இல் ஹம்ப்ரி டேவி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக விளக்கு செய்தபோது சுடரைச் சுற்றிக் கம்பி வலை வைத்தார். வலையைக் கடக்க முயலும் தீயின் சூட்டை உலோகம் இழுத்துக்கொள்ள, மறுபக்கம் உள்ள வாயு பற்றும் அளவுக்குச் சூடாவதில்லை. பெட்ரோல் எளிதாக ஊற்றவில்லை என்று கேன் வாயிலிருந்து அந்தச் சல்லடையைப் பிடுங்கிப் போடுபவர்கள் டேவியின் பாடத்தைத்தான் தூக்கி எறிகிறார்கள்.

நல்ல கேன் என்பது எது

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படை நான்கு காலன் தகர டின்களில் பெட்ரோல் கொண்டுபோனது. ஓரம் விட்டுப்போய், வழியெல்லாம் ஒழுகிக் கணிசமான பங்கு மண்ணுக்கே போனது. எதிரிப் படையிடமிருந்து பிடித்த இருபது லிட்டர் கேன்களோ ஒழுகவில்லை. 1930களின் இறுதியில் ஜெர்மனியில் உருவான அந்தக் கேன்தான் இன்றைக்கும் உலகமெங்கும் ஜெர்ரி கேன் என்று விற்கிறது. அதை ஒருமுறை கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெட்ரோலின் ஒவ்வொரு குணத்துக்கும் அதில் ஒரு பதில் இருக்கிறது.

பக்கச் சுவர்களில் பெருக்கல் குறிபோல அழுத்திய பள்ளம், உள்ளே அழுத்தம் கூடும்போது தகடு புடைக்க இடம் தருகிறது. கைப்பிடியின் கீழே உள்ள மேடு, கேனை நிரப்பிய பிறகும் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைக்கிறது. திருகாமல் நெம்பி அழுத்தும் மூடி, கசிவில்லாமல் இறுகுகிறது. வாயிலிருந்து உள்ளே போகும் மெல்லிய குழாய், ஊற்றும்போது காற்றை உள்ளே விட்டுப் பெட்ரோல் குடுகுடுவென்று தெறிக்காமல் சீராக விழச் செய்கிறது.

மேட்டுக்குள் நிற்கும் அந்தக் காற்று ஏன் வேண்டும்? பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். காலையில் 25 டிகிரியில் நிரப்பிய இருபது லிட்டர், பிற்பகலில் 45 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 380 மில்லி கூடிவிடும். இரண்டு டம்ளர் பெட்ரோல்! விளிம்புவரை நிரப்பிய கேனில் அதற்கு இடம் ஏது? மூடி வழியாக வெளியேறும், அல்லது தையலைப் பிளக்கும். இருபதில் ஒரு பங்கையாவது காலியாக விட வேண்டும் என்பது இந்தக் கணக்கால் வந்த விதி.

தண்ணீர் பாட்டிலும் குளிர்பான பாட்டிலும் இதில் ஒன்றையும் செய்யாது. சுவர் மெலிது. மூடி ஆவியைத் தாங்கும் வகையில் செய்யப்பட்டதன்று. வெயிலில் வைத்தால் புடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளின் கண்ணுக்கு அது குடிக்கும் பாட்டில். பல பங்க்குகளில் பாட்டிலில் பெட்ரோல் தரமாட்டோம் என்று பலகை வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. சாதாரண பிளாஸ்டிக் கேனிலும் ஒரு குறை உண்டு. பாலிஎதிலீன் சுவருக்குள்ளேயே பெட்ரோல் மூலக்கூறுகள் ஊடுருவி மெல்ல மெல்ல வெளியேறும். எரிபொருளுக்கென்றே தயாரித்த கேன்களிலும் கார் டேங்குகளிலும் அதைத் தடுக்கத் தனிப் படலமோ வேதிப்பூச்சோ தருகிறார்கள்.

உணர முடியாத பொறி

பங்க்கில் சிகரெட் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க அரசின் வெடிபொருள் துறை ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஒரு சோதனை வியக்க வைப்பது. புகையும் சிகரெட்டை 4,500-க்கும் மேற்பட்ட முறை பெட்ரோல் ஆவியில் காட்டினார்கள். ஒருமுறையும் பற்றவில்லை. இதை வைத்துப் பங்க்கில் பற்ற வைக்கக் கிளம்பிவிட வேண்டாம். சிகரெட்டைப் பற்ற வைக்கும் தீக்குச்சியும் லைட்டரும் உடனே கொளுத்திவிடும்.

அந்தச் சிகரெட்டால் முடியாததை நம் சட்டையால் முடியும். பெட்ரோல் ஆவியைப் பற்ற வைக்க ஒரு மில்லி ஜூலில் கால் பங்கு ஆற்றல் போதும். உலர்ந்த நாளில் கார் இருக்கையிலிருந்து இறங்கிக் கதவைத் தொடும்போது சுரீரென்று அடிக்குமே, அந்தப் பொறியில் அதைப்போலப் பல மடங்கு ஆற்றல் உண்டு. நமக்கு உறைக்கவே உறைக்காத பொறிகூடப் பெட்ரோலுக்குப் போதும். குழாயில் வேகமாக ஓடும் பெட்ரோலும் மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும். கேனை வண்டியின் ரப்பர் விரிப்பின் மேலோ டிக்கியிலோ வைத்து நிரப்பினால் அந்த மின்னூட்டத்துக்குத் தரைக்குப் போக வழியில்லை. அடுத்து உலோகம் எதுவோ அருகில் வரும்போது பொறி பறக்கும். அதனால் கேனை இறக்கித் தரையில் வையுங்கள். பம்பின் முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும். மெதுவாக நிரப்புங்கள்.

எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது

மாடிப்படிக்குக் கீழே, சமையலறை பரணில், குளியலறை மூலையில் வைக்கவே கூடாது. வசிக்கும் அறைகளோடு ஒட்டாத, நிழலான, தரையோடு காற்றோட்டம் உள்ள கொட்டகைதான் சரி. ஆவி கீழே நிற்கும் என்பதால் மேலே உள்ள ஜன்னலால் பயனில்லை, அடியில் திறப்பு வேண்டும். அமெரிக்கக் கட்டட விதிகள் கார் கொட்டகையில் பொருத்தும் கேஸ் வாட்டர் ஹீட்டரின் சுடரைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தச் சொல்வது இந்தக் கனமான ஆவியை எண்ணித்தான். பூஜை விளக்கு, இன்வர்ட்டர், பழைய ஃபிரிட்ஜ், மோட்டார் சுவிட்ச் எல்லாமே சுடரோ பொறியோ தரக்கூடியவை. ஜெனரேட்டருக்கு ஊற்றுவதானால் நிறுத்தி, ஆற விட்டு, பிறகு ஊற்றுங்கள்.

இந்தியப் பெட்ரோலியச் சட்டம் 1934-ஆம் ஆண்டுடையது. உரிமம் இல்லாமல், விற்பனைக்கு அல்லாமல், ஒருவர் தன்னிடம் மொத்தம் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க அது அனுமதிக்கிறது. பாத்திரத்தையும் அதுவே சொல்கிறது: இறுக மூடிய உலோகக் கலம் என்றால் 25 லிட்டருக்கு மிகாமல், கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மிகாமல். பிரிட்டனின் 2014 விதிகளிலும் யாருக்கும் தெரிவிக்காமல் வைக்கக்கூடிய அளவு 30 லிட்டர்தான். அங்கே பிளாஸ்டிக் கேன் 10 லிட்டர் வரை, உலோகக் கேன் 20 லிட்டர் வரை. சட்டம் அனுமதிப்பதால் 30 லிட்டரும் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு லிட்டரில் 30 மெகா ஜூலுக்கு மேல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. தீப்பிடித்த வீட்டில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு லிட்டரும் தீயணைப்பு வீரர்களுக்கு எதிராகவே நிற்கும்.

சிந்திவிட்டால் முதலில் சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லோரையும் வெளியேற்றி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, மணலையோ மரத்தூளையோ போட்டு உறிஞ்ச விடுங்கள். தண்ணீர் ஊற்றிச் சாக்கடையில் தள்ளினால் ஆபத்து தெருவுக்குப் போகும். சட்டையில் பட்டால் வெளியே போய்க் கழற்றிவிடுங்கள். தீயே பிடித்துவிட்டால் தண்ணீர் உதவாது. பெட்ரோல் தண்ணீரில் மிதந்தபடி எரிந்து, அது ஓடும் இடமெல்லாம் கூடவே ஓடும். உலர்தூள் தீயணைப்பானோ மணலோ வேண்டும். அதுவும் தீ சிறிதாக இருக்கும்வரை மட்டுமே.

வைத்தால் கெட்டுப்போகும்

பதுக்கி வைப்பவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. பெட்ரோலுக்கும் வயதாகும். எஞ்சினைக் கிளப்ப உதவும் இலகுவான பகுதிகள்தான் முதலில் பறக்கின்றன. மிஞ்சுவது காற்றோடு வினைபுரிந்து பிசினாகி, கார்புரேட்டரின் ஊசித்துளைகளை அடைக்கும். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேன் குறைந்துவிடும். நன்றாக மூடிய கேனில் சில மாதங்கள் தாங்கும். அதற்குள் வண்டியில் ஊற்றித் தீர்த்துவிட்டு, தேவையானால் புதிதாக வாங்குவதே முறை.

2022-இல் இலங்கையில் டாலர் தட்டுப்பாடு முற்றியபோது பெட்ரோல் ஷெட்டுகளில் வரிசை நாள்கணக்கில் நீண்டது. மார்ச்சில் ஷெட்டுகளில் இராணுவத்தை நிறுத்தினார்கள். ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் கிடைத்ததைக் கேனிலும் பாட்டிலிலும் வீட்டுக்குக் கொண்டுபோனவர்களைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் அந்தப் பதுக்கலை முடிவுக்குக் கொண்டுவந்தது அறிவுரை இல்லை. ஜூலையில் வந்த கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறை, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், காருக்கு 20 லிட்டர் என்று நிச்சயப்படுத்தியது. அடுத்த வாரமும் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் வீட்டில் சேர்த்து வைக்கும் அவசரம் தணிந்தது. வீட்டுக்குள் பெட்ரோல் வராமல் இருக்க முதல் பாதுகாப்பு, பங்க்கில் அது ஒழுங்காகக் கிடைப்பது.

நமக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? புல்வெட்டும் கருவிக்கோ ஜெனரேட்டருக்கோ ஐந்து லிட்டர் போதும் என்றால் ஐந்து லிட்டர் உலோகக் கேன் போதும். மற்றதெல்லாம் வண்டியின் டேங்கில் இருக்கட்டும். மோதலைத் தாங்கவும், விரிவுக்கு இடம் விடவும், இன்றைய வண்டிகளில் ஆவியைக் கரிக்கலத்தில் பிடித்து எஞ்சினுக்கே திருப்பி அனுப்பவும் பொறியாளர்கள் யோசித்துச் செய்த கலம் அது. மழையோ புயலோ வருகிறது என்று செய்தி வந்தால் கேனைத் தேட வேண்டாம். முந்தின நாளே வண்டிக்கு ஃபுல் டேங்க் அடித்துவிடுங்கள்.